அஞ்சிய பிள்ளையும் ஆற்றும் வழியும்

பெரும் விபத்து ஒன்று நேர்ந்துவிட்டால் அரசாங்கமும் இலாகாக்களும் முதலில் செய்வது கணக்கெடுப்பே. மாண்டோர் இத்தனை பேர், கடுங்காயம் அடைந்தோர் இத்தனை பேர், இலேசான காயம் அடைந்தோர் இத்தனை பேர் என்று மூன்று பத்திகள் கட்டி எழுதுவது வழக்கம். 2023ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் ஒடிசாவில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்துக்குள்ளானபோதும் அவ்வாறே நடந்தது. உயிரிழந்தோர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய், கடுங்காயத்துக்கு 2 லட்சம், இலேசான காயத்துக்கு 50 ஆயிரம் என்று ரயில்வே உதவித் தொகை அறிவித்தது. நானும் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து பத்தி கட்டி எழுதியே பிழைப்பவன். ஆதலால் இம்முறையைக் குறை கூற வரவில்லை. கண்ணுக்குப் புலனாகும் காயத்தைத்தானே காகிதத்தில் ஏற்ற முடியும்? ஆனால் இந்த மூன்று பத்திகளிலும் அடங்காத ஒரு வகையார் உண்டு. உடலில் ஒரு கீறலும் இன்றித் தப்பி வந்து, உள்ளத்தில் மட்டும் அந்த இரவை விட்டு வெளியேற இயலாமல் தவிப்பவர்கள். அவர்களிலும் பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளின் நிலை தனிப்பட்டது. அவர்களைப் பற்றி நம் சங்கத்துக் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும் என்னும் எண்ணத்தாலேயே இதனை எழுதத் துணிந்தேன். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். மருத்துவ சாஸ்திரம் பேசும் தகுதி எனக்கில்லை. கண்டதையும், மருத்துவர்கள் கூறக் கேட்டதையும், படித்தறிந்ததையும் மட்டுமே சொல்கிறேன்.

அன்று நிகழ்ந்ததை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஷாலிமாரிலிருந்து சென்னை நோக்கிச் சென்ற கோரமண்டல் எக்ஸ்பிரஸ், பாலசோரைக் கடந்து, இரவு ஏழு மணிக்குச் சற்று முன்னர் பஹாநகா பஜார் நிலையத்தை நெருங்கியது. நேர்வழியில் செல்ல வேண்டிய வண்டி, சைகை இணைப்பில் நேர்ந்த பிழையால் பக்கவழியில் திரும்பி, அங்கே இரும்புத் தாது ஏற்றி நின்றிருந்த சரக்கு வண்டியின் மேல் மோதியது. சிதறிய பெட்டிகளின் மேல், எதிர்ப்புறம் சென்றுகொண்டிருந்த பெங்களூர் – ஹௌரா வண்டியின் கடைசிப் பெட்டிகள் மோதின. ஏறத்தாழ 290 பேர் மாண்டனர். ஆயிரம் பேருக்கு மேல் காயமுற்றனர். பணி தேடித் தெற்கே சென்ற ஏழைத் தொழிலாளர் நிரம்பிய பெட்டிகள் அவற்றுள் இருந்தன. சுற்றுப்புறக் கிராமத்து மக்கள் இருட்டிலே ஓடிவந்து கைகளாலேயே மனிதர்களை இழுத்து வெளியே எடுத்தனர். பாலசோர் ஆஸ்பத்திரியில் இரத்தம் கொடுப்பதற்காக இரவெல்லாம் இளைஞர்கள் வரிசையில் நின்றனர். ஒடிசா மக்களின் அந்த அன்பை நாம் என்றும் போற்ற வேண்டும்.

அந்த வண்டியில் கரக்பூரிலிருந்து ஏறியவர்களில் என் அக்காளும் அவளுடைய மகனும் இருந்தார்கள். கோடை விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்குப் போகும் பயணம். அத்தானுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. பையனுக்கு அப்போது பதினான்கு வயது. குளிர்சாதனப் பெட்டியில் இருந்தமையால் இருவரும் உயிர் தப்பினார்கள். செய்தி அறிந்து நானும் அத்தானும் மோட்டாரில் புறப்பட்டு விடியற்காலையில் போய்ச் சேர்ந்தபோது, ஒரு கிராமத்து வீட்டுத் திண்ணையில் பையன் உட்கார்ந்திருந்தான். அந்த வீட்டம்மாள் அவன் தோளில் ஒரு பழைய சேலையைப் போர்த்தியிருந்தாள். அக்காளுக்கு நெற்றியில் சிறு காயம். பையனுக்கு ஒன்றுமில்லை. "காயம் இல்லை" என்றே அவன் பெயருக்கு நேரே எழுதிக்கொண்டு போனார்கள்.

முதல் பத்து நாட்கள் அவன் மிக்க நல்ல பிள்ளையாக இருந்தான். அழவில்லை, புலம்பவில்லை, வந்து விசாரித்தவர்களுக்கு இரண்டொரு சொற்களில் விடை கூறினான். "தைரியசாலி" என்று எல்லோரும் முதுகைத் தட்டினார்கள். பிறகு சிறிது சிறிதாக மாற்றம் தென்பட்டது. எங்கள் குடியிருப்பு தண்டவாளத்தை ஒட்டியது. இரவெல்லாம் வண்டி ஓசை கேட்கும். பிறந்தது முதல் அந்த ஓசையைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தவன், இப்போது ஒவ்வொரு வண்டிக்கும் எழுந்து உட்கார்ந்தான். விளக்கை அணைக்க விடமாட்டான். உணவில் நாட்டம் குறைந்தது. கால்பந்தாட்டத் தோழர்கள் வந்து அழைத்தால் தலைவலி என்றான். தாய் ஒரு சொல் சொன்னால் பாத்திரத்தை வீசி எறியும் அளவுக்குச் சினம் வந்தது. சாதுவான அந்தப் பிள்ளையா இவன் என்று அக்காள் கண்ணீர் விட்டாள்.

ஜூலை மாதத்தில் ஒரு நாள் வகுப்பு நடந்துகொண்டிருக்கையில், வெளியே ஒரு லாரியிலிருந்து இரும்புத் தகடுகளை இறக்கினார்கள். அந்த ஓசை கேட்டதும் பையனுக்கு மூச்சு முட்டியது, நெஞ்சு படபடத்தது, கைகால்கள் மரத்தன, வியர்த்துக் கொட்டியது. "நான் சாகப் போகிறேன்" என்று கூவிக்கொண்டு மேசைக்கு அடியில் புகுந்தான். சில பிள்ளைகள் சிரித்தார்களாம். ஆசிரியர் ஒருவர், பாடத்திலிருந்து தப்ப நடிக்கிறான் என்றாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இருதயத்தைப் பரிசோதித்தார்கள். யாதொரு கோளாறும் இல்லை. அங்கிருந்த டாக்டர் நல்லவர். ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிடாமல், "இவன் கோரமண்டலில் வந்தவனா?" என்று கேட்டுவிட்டு, கல்கத்தாவில் உள்ள ஒரு மனநல மருத்துவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

வீட்டிலோ ஆளுக்கொரு கருத்து. ஊரிலிருந்து தொலைபேசியில் பேசிய பாட்டி, காற்று கருப்பு அண்டியிருக்கும், மந்திரித்து விபூதி இடுங்கள் என்றாள். அத்தான், "ஆண்பிள்ளை இப்படி நடுங்கலாமா? நாலு தடவை வண்டியில் ஏற்றி இறக்கினால் சரியாகிவிடும்" என்றார். பக்கத்து வீட்டார், அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள், தானே மறந்துவிடுவான் என்றார்கள். பைத்தியத்துக்கு வைத்தியம் பார்த்த பிள்ளை என்று பெயர் வந்துவிடுமே என்பது அக்காளின் அச்சம். இவர்கள் யாரும் அன்பில் குறைந்தவர்கள் அல்லர். ஆயினும் பையனுக்குத் தேவையாக இருந்தது இவை யாவற்றிலும் வேறானது.

கல்கத்தா மருத்துவர் எங்களுக்குப் பொறுமையாக விளக்கினார். மனிதனின் உடலில் ஆபத்தை அறிவிக்கும் மணி ஒன்று இருக்கிறது. பாம்பைக் கண்டால் சிந்திப்பதற்கு முன்பே கால் பின்வாங்குகிறதல்லவா, அது அந்த மணியின் வேலை. பேரிடர் ஒன்றில் அது பலமாக அடிக்கிறது. அடிக்கத்தான் வேண்டும், அப்போது அதுவே உயிரைக் காக்கிறது. பலருக்குச் சில வாரங்களில் அது தானே ஓய்ந்துவிடும். சிலருக்கு ஓய்வதில்லை. ஆபத்து நீங்கிய பின்னும் ஓர் ஓசை, ஒரு வாடை, ஓர் இருட்டு ஆகிய சிறு குறிப்புக்கே மீண்டும் அடிக்கிறது. நடந்தது கனவாகவும் நினைவாகவும் வந்து வந்து தாக்குதல், அதனை நினைவூட்டும் இடங்களையும் பேச்சையும் விலக்குதல், எப்போதும் திடுக்கிட்ட நிலையில் இருத்தல், மனம் மரத்தோ இருண்டோ போதல் ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, படிப்பையும் உறவையும் கெடுக்குமானால், அதை அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய் என்கிறார்கள். வகுப்பில் நேர்ந்தது திடீர்ப் பீதி. அது சில நிமிடங்களில் உச்சத்துக்கு ஏறித் தானே இறங்கும். அனுபவிப்பவனுக்கு மரணமே வந்ததாகத் தோன்றினாலும் அதனால் உயிர் போவதில்லை. இதை முதலில் பையனே அறிந்துகொள்ள வேண்டும் என்றார்.

பதின்பருவத்தாரிடம் இது மறைந்து நிற்பதற்குக் காரணத்தையும் அவர் கூறினார். சிறு குழந்தை அஞ்சினால் தாயைக் கட்டிக்கொள்ளும். பெரியவருக்குத் தம் துன்பத்தைச் சொல்லச் சொற்கள் உண்டு. இடைப்பட்ட வயதினனுக்குத் தாய் மடியும் வெட்கம், சொல்லவும் தெரியாது. ஆகவே அவன் சினமாகவும் மௌனமாகவும் வயிற்று வலியாகவும் குறைந்த மதிப்பெண்ணாகவும் அதை வெளியிடுகிறான். நாமோ அவற்றைத் திமிர் என்றும் சோம்பல் என்றும் படித்துக்கொள்கிறோம்.

இது இக்காலத்துப் பிள்ளைகளின் மென்மையால் வந்த நோய் என்று எண்ணுவோர் உண்டு. எங்கள் ரயில்வேயின் சரித்திரமே அவர்களுக்கு விடை சொல்லும். 1865ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள் இங்கிலாந்தில் ஸ்டேபிள்ஹர்ஸ்ட் என்னுமிடத்தில் ஒரு ரயில் பாலத்தில் தடம் புரண்டு பத்துப் பேர் இறந்தனர். அதில் பயணம் செய்த நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் காயமின்றித் தப்பி, அடிபட்டோருக்கு உதவி செய்தார். ஆனால் அதன் பின்னர், உலகம் போற்றிய அந்தப் பெரியவர், வண்டியில் செல்லும்போது திடீர் திடீரென்று காரணமற்ற பேரச்சத்துக்கு ஆளானார். அடுத்த ஆண்டே எரிக்சன் என்ற அறுவை மருத்துவர், ரயில் விபத்துகளில் தப்பியோருக்கு வரும் இத்தகைய துன்பங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். முதுகெலும்பு அதிர்ந்ததால் வருகிறது என்று அவர் கருதியது பிற்பாடு தவறெனத் தெரிந்தது. என்றாலும் காயமில்லாதவனும் நோயாளியாக இருக்கக்கூடும் என்பதை உலகம் யோசிக்கத் தொடங்கியதற்கு ரயில் விபத்துகளும் ஒரு காரணம்.

நம் நாட்டிலும் சான்று உண்டு. 1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவைப் பெரும்புயல் தாக்கியது. ஓராண்டு கழித்து அங்குள்ள 447 பிள்ளைகளை மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, ஏறத்தாழப் பத்தில் மூவருக்கு இந்நோய் இருக்கக் கண்டனர். பத்தில் மூவர் என்றால் ஒரு வகுப்பறையில் எத்தனை பிள்ளைகள் என்று எண்ணிப் பாருங்கள். பஹாநகாவிலேயே, பயிற்சி பெற்ற தேசியப் பேரிடர் மீட்புப் படை வீரர் ஒருவருக்குத் தண்ணீரைக் காணும்போதெல்லாம் இரத்தமாகத் தோன்றியதென்றும், இன்னொருவருக்குப் பசியே அற்றுப்போயிற்றென்றும் அப்படையின் தலைமை இயக்குநரே வெளிப்படையாகக் கூறினார். மலை போன்ற ஆடவர்களுக்கே அப்படியென்றால் பதினான்கு வயதுச் சிறுவனைக் கோழை என்பது நியாயமா?

விபத்து நடந்த இடத்துக்கு அருகிலேயே பஹாநகா உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. முதல் இரவில் சடலங்களைக் கிடத்துவதற்கு வேறிடம் இல்லாமல் அப்பள்ளிக் கட்டடத்தில்தான் வைத்தார்கள். அப்பள்ளியின் மேல்வகுப்பு மாணவர்களும் தேசிய மாணவர் படைச் சிறுவர்களும் மீட்புப் பணியில் உதவினர். பின்னர் சடலங்களை அகற்றித் துப்புரவு செய்த பின்பும், அந்த அறைகளில் அமர்ந்து படிக்க மாட்டோம் என்று பிள்ளைகள் அஞ்சினர். அனுப்ப மாட்டோம் என்று பெற்றோரும் கூறினர். மூடநம்பிக்கையைப் பரப்ப வேண்டாம் என்று முதலில் அதிகாரிகள் அறிவுரை கூறினர். ஆயினும் முடிவில் பள்ளி நிர்வாகக் குழுவின் வேண்டுகோளை ஏற்று, ஜூன் 9ஆம் நாள் அந்தப் பழைய கட்டடத்தை இடிக்கத் தொடங்கினார்கள். புதிதாகக் கட்டித் தருவதாகவும், பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை அளிப்பதாகவும் அரசு ஏற்பாடு செய்தது.

அப்போது எங்கள் அலுவலகத்தில் இதைப் பற்றிப் பெரிய வாதம் நடந்தது. பேய்க்கு அஞ்சிப் பள்ளியை இடிப்பதா என்று நகைத்தவர்கள் பலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரியவர்கள் கூடிப் பிள்ளைகளின் அச்சத்தைக் காது கொடுத்துக் கேட்டார்கள் என்பதே எனக்குப் பெரிதாகப்பட்டது. ஆனால் அதே சமயம் என் உள்ளத்தில் வேறொரு கவலை எழுந்தது. பள்ளிக் கட்டடத்தை இடிக்கலாம். என் அக்காள் மகன் அஞ்சுவது தண்டவாளத்துக்கு அல்லவா? அதை யார் இடிப்பது? வெளியூர் வந்து பிழைக்கும் நமக்கு அந்த இரண்டு இரும்புக் கம்பிகள்தாம் ஊரோடு உள்ள தொடர்பு. திருமணத்துக்கும் சாவுக்கும் பொங்கலுக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் கோரமண்டல்தான் நம்மைச் சுமந்து செல்கிறது. அதில் ஏற மாட்டேன் என்று ஒரு பிள்ளை முடிவு செய்தால், பாட்டியையும் ஊரையும் அவன் இழந்துவிடுகிறான். அவனை விலக்கி வைப்பதும் ஆகாது. அத்தான் சொன்னபடி பலவந்தமாக ஏற்றுவதும் ஆகாது. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி வேண்டியிருந்தது.

அந்த வழியைத்தான் மருத்துவர் காட்டினார். வாரம் ஒருமுறை அத்தான் அவனைக் கல்கத்தாவுக்குப் பேருந்தில் அழைத்துச் சென்றார். முதலில் பீதி எழும்போது மெதுவாக மூச்சை விடப் பழக்கினார்கள். பிறகு அன்று நடந்ததைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை, பாதுகாப்பான அறையில், அவனே விரும்பும் வேகத்தில் சொல்லவைத்தார்கள். இங்கே நம்மவர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பையன் மருத்துவரிடம் எல்லாவற்றையும் வங்காளியில் கூறினான். பள்ளியும் தோழரும் அந்த மொழியில்தானே? வீட்டுத் தமிழில் சோறு கேட்கவும் சண்டை போடவும் அவனுக்குத் தெரியும். உள்ளத்துத் துயரைச் சொல்லத் தெரியவில்லை. அக்காளுக்கோ வங்காளி கடைத்தெரு அளவுக்குத்தான் வரும். ஒரே கூரையின் கீழ் தாயும் மகனும் இருந்தும், அவளிடம் அவன் கூறக்கூடியது "பயமா இருக்கும்மா" என்ற ஒரே சொற்றொடர்தான்.

மூன்று மாதங்களுக்குப் பின்னர் ஒரு நாள் மாலை என்னிடம் அவன் தமிழும் வங்காளியும் கலந்து ஒரு செய்தியைச் சொன்னான். பெட்டியிலிருந்து இறங்கி இருட்டில் நின்றபோது, அருகே கவிழ்ந்த பெட்டியின் அடியிலிருந்து ஒருவர் தண்ணீர் கேட்டாராம். இவன் கையில் தண்ணீர்ப் புட்டி இருந்தது. தாய் இவன் கையை இறுகப் பற்றியிருந்தாள், கால் நகரவில்லை. சற்று நேரத்தில் குரல் நின்றுவிட்டது. "நான் கொடுக்கவில்லை, மாமா" என்றான். அவனை இரவெல்லாம் எழுப்பியது வண்டி ஓசை மட்டுமன்று என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மருத்துவர் அதை மறந்துவிடு என்று அவனிடம் கூறவில்லை. உன்மேல் குற்றமே இல்லை என்று அவசரமாக வாயடைக்கவும் இல்லை. அந்த இருட்டையும், கவிழ்ந்த பெட்டியையும், தாயின் பிடியையும், அவனுடைய வயதையும் ஒவ்வொன்றாக அவன் முன் வைத்து, "இதே நிலையில் உன் தோழன் இருந்திருந்தால் அவனைக் குற்றவாளி என்பாயா?" என்று வினவினாராம். பையன் நெடுநேரம் அழுதான். விபத்துக்குப் பின் அவன் அழுதது அதுவே முதல் முறை. அன்றிரவு விளக்கை அணைத்துக்கொண்டு உறங்கினான்.

பிறகு படிப்படியாகப் பழக்கினோம். முதல் வாரம் மேம்பாலத்தில் நின்று வண்டிகளைப் பார்ப்பது. அடுத்து, ஒரு காலத்தில் உலகிலேயே நீளமானது என்று பெயர் பெற்ற எங்கள் கரக்பூர் பிளாட்பாரத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை என்னோடு நடப்பது. பின்னர் நிற்கும் பெட்டியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து இறங்குவது. அதன் பிறகு உள்ளூர் வண்டியில் ஒரு நிலையம். இடையில் இரண்டு முறை பீதி வந்தது; அன்று அவ்வளவோடு திரும்பினோம். யாரும் கடிந்துகொள்ளவில்லை. எவ்வளவு தூரம் என்பதை ஒவ்வொரு முறையும் அவனே முடிவு செய்தான்.

2024ஆம் ஆண்டு மே மாதத்தில் நாங்கள் நால்வரும் கோரமண்டலில் சென்னை சென்றோம். அவனே கேட்டுக்கொண்டான். பாலசோர் தாண்டியதும் அவன் பேச்சு நின்றது. ஜன்னலுக்கு வெளியே இருட்டு. "இதுவா, மாமா?" என்றான். "இதுதான்" என்றேன். மூச்சை மெதுவாக விட்டபடி கண்ணைத் திறந்தே வைத்திருந்தான். அத்தான் ஒன்றும் பேசாமல் மகன் தோளில் கை வைத்திருந்தார். நிலையம் கடந்து போயிற்று. அரைமணி நேரம் கழித்து, புளிச்சோறு எங்கே என்று கேட்டான். முற்றும் குணமாகிவிட்டது என்று நான் கூறவில்லை. ஜூன் மாதம் நெருங்கினால் இன்னும் உறக்கம் கெடுகிறது. ஆனால் அது வரும், போகும் என்பதை அவன் அறிந்திருக்கிறான்.

அன்பர்களே, பேரிடர் என்பது ரயில் விபத்து மட்டுமன்று. வெள்ளம், புயல், நிலநடுக்கம், கலவரம், கூட்ட நெரிசல் எதுவும் நம் வீட்டுப் பிள்ளையின் கண்முன் நிகழக்கூடும். அவ்வாறு நேர்ந்தால் முதலில் அவர்களுக்கு உறக்கமும் உணவும் வழக்கமான நடைமுறையும் கிடைக்கச் செய்யுங்கள். அந்தக் காட்சிகளைத் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் திரும்பத் திரும்பப் பார்க்க விடாதீர்கள். பேச விரும்பினால் கேளுங்கள். விரும்பாவிட்டால் தோண்டித் துருவாதீர்கள். எம்மொழியில் சொன்னாலும் கேட்க ஆயத்தமாயிருங்கள். ஒரு மாதம் கடந்தும் துன்பம் தணியவில்லையெனில் மருத்துவரை நாடுங்கள். சாக விரும்புவதாகப் பிள்ளை கூறினால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். 2022ஆம் ஆண்டு முதல் மத்திய அரசு நடத்திவரும் டெலி மானஸ் என்னும் மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். தமிழிலும் பேசலாம் என்பது வெளிமாநிலத்தில் வாழும் நம் தாய்மார்களுக்கு ஆறுதல் அளிக்கும் செய்தி. பாட்டி விபூதி இட்டால் இடட்டும். அந்தக் கையின் அன்பும் பிள்ளைக்கு வேண்டியதே. அதோடு நின்றுவிடாமல் மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள்.